இலவசக் கடன் அறிக்கையும் மறைந்திருக்கும் மாதச் சந்தாவும்

(அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நடைபெற்ற கருத்தரங்கொன்றில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

 

மொழி, கலை, தாயகம் ஆகியவை பற்றி இவ்வரங்கில் அறிஞர்கள் பலர் உரையாற்றியிருக்கின்றனர். நான் எடுத்துக்கொண்ட பொருள் அத்துணை உயர்வானதன்று. மாதந்தோறும் நம் வீடுகளுக்கு வரும் கடன் அட்டைக் கணக்குக் கூற்றில், எவரும் உற்றுப் பாராத ஒரு வரியைப் பற்றியே பேசப்போகிறேன். கடன் அறிக்கை இலவசம் என்று நம்பி இணையத்தில் அட்டை எண்ணைக் கொடுத்தவர்களுடைய கணக்கில், அறியாமலே மாதாமாதம் ஏறிக்கொண்டிருக்கும் சந்தாத் தொகைதான் அந்த வரி. சிறு தொகைதானே என்று ஒதுக்கிவிட வேண்டாம். உழைத்துச் சேர்த்த பணம் எவ்வழியால் வெளியேறுகிறது என்பதை அறிவதும் புலம்பெயர் வாழ்வில் நாம் கற்க வேண்டிய பாடங்களுள் ஒன்று.

ஊர் அறிந்த நாணயமும் கோப்பு அறிந்த நாணயமும்

நாம் பிறந்த ஊர்களில் ஒருவருடைய நாணயத்தைச் சுற்றத்தாரும் கடைக்காரரும் அறிந்திருந்தனர். கொப்பியில் எழுதிவைத்துச் சாமான் கொடுத்த கடைக்காரர், நம் தந்தையாரையும் பாட்டனாரையும் அறிந்தே கொடுத்தார். புலம்பெயர்ந்து வந்த நாட்டில் அந்த அறிமுகம் நமக்குத் துணைவருவதில்லை. அமெரிக்காவில் ஒருவருடைய நாணயத்துக்குச் சாட்சி சொல்பவை மூன்று கோப்புகளே. ஈக்குவிஃபக்ஸ், எக்ஸ்பீரியன், ட்ரான்ஸ்யூனியன் என்னும் மூன்று நிறுவனங்கள் அவற்றைப் பேணி வருகின்றன. இவற்றை அரசாங்க அலுவலகங்கள் என்று நம்மவர் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று, இலாபம் ஈட்டும் தனியார் நிறுவனங்களே இவை. இந்த ஓர் உண்மையை மனத்தில் இருத்திக்கொண்டால், நான் பின்னர் சொல்லப்போவது எளிதில் விளங்கும்.

நீங்கள் எந்த வங்கியில் கடன் பெற்றீர்கள், உரிய நாளில் செலுத்தினீர்களா, எந்த முகவரிகளில் வாழ்ந்தீர்கள், உங்கள் கோப்பைக் கேட்டவர் யார் ஆகிய விவரங்கள் அந்தக் கோப்பில் உள்ளன. வாடகை வீடு கொடுப்பவரும், வாகனக் கடன் கொடுப்பவரும், வீட்டுக் கடன் வழங்கும் வங்கியும் அதனைப் பார்த்தே முடிவெடுக்கின்றனர். உங்கள் எழுத்து மூலச் சம்மதத்துடன் வேலை கொடுப்பவரும் அதனைப் பார்க்கக்கூடும்.

தமிழராகிய நமக்கு இதில் தனியான ஓர் இடரும் உண்டு. நம்முள் பலருக்குக் குடும்பப் பெயர் என்பதே இல்லை. தந்தையின் பெயர் ஓர் ஆவணத்தில் முன்னெழுத்தாக நிற்கிறது; மற்றோர் ஆவணத்தில் முழுப்பெயராக நிற்கிறது; வேறோர் இடத்தில் பெயரும் தந்தை பெயரும் இடம்மாறி நிற்கின்றன. இதனால் ஒருவருடைய விவரங்கள் இரண்டு கோப்புகளாகப் பிரிந்துபோகலாம். ஒத்த பெயருடைய வேறொருவருடைய கடன் நம் கோப்பில் வந்து சேர்ந்துவிடவும் கூடும். கேளாத கடனும் பாராத பயிரும் பாழ் என்று நம் முன்னோர் சொல்லிவைத்தனர். பாராத கோப்பும் அவ்வாறே. ஆகவே கடன் அறிக்கையைப் பார்க்காமல் விடுவது இதற்கு மாற்றன்று. பார்க்கத்தான் வேண்டும், ஆனால் எந்த வாசலால் நுழைவது என்பதை அறிந்து பார்க்க வேண்டும்.

சட்டம் தந்த உரிமை

அமெரிக்க நாடாளுமன்றம் 2003ஆம் ஆண்டில் நிறைவேற்றிய சட்டமொன்று, நாட்டில் வாழும் ஒவ்வொருவரும் 12 மாதங்களுக்கு ஒருமுறை இம்மூன்று நிறுவனங்களிடமிருந்தும் தமது கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறும் உரிமையை வழங்கியது. அவ்வுரிமை 2004 டிசம்பரில் மேற்கு மாநிலங்களில் தொடங்கி, 2005 செப்டெம்பரில் நாடு முழுவதற்கும் விரிந்தது. கொரோனாப் பெருந்தொற்றுக் காலமாகிய 2020இல் வாரம் ஒருமுறை இணையத்தின் வழியாக இலவசமாகப் பார்ப்பதற்கு இந்நிறுவனங்கள் வழிசெய்தன. 2023இல் அந்த ஏற்பாட்டை நிரந்தரமாக்கிவிட்டதாக அவை அறிவித்தன.

இந்த உரிமையை நிறைவேற்றுவதற்கென்று சட்டப்படி அனுமதிக்கப்பட்ட இணையத்தளம் ஒன்றே ஒன்றுதான். அதன் பெயர் ஆனுவல்கிரெடிட்ரிப்போர்ட் டொட் கொம். ஆனுவல், கிரெடிட், ரிப்போர்ட் என்னும் மூன்று ஆங்கிலச் சொற்களையும் இடைவெளியின்றிச் சேர்த்து எழுத வேண்டும். கணினிப் பழக்கம் இல்லாதவர்கள் 1-877-322-8228 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணை அழைத்தும் பெறலாம். அவ்வாறு கேட்டால் அறிக்கை அஞ்சலில் வீடு வந்து சேரும்.

இலவசம் என்னும் சொல் வலையான வரலாறு

உரிமை பிறந்த அதே காலத்தில் அதனைச் சுற்றி ஒரு வாணிபமும் வளர்ந்தது. எக்ஸ்பீரியன் குழுமத்தைச் சேர்ந்த கன்சியூமர்இன்ஃபோ என்னும் நிறுவனம், ஃப்ரீகிரெடிட்ரிப்போர்ட் டொட் கொம் என்ற பெயரில் ஓர் இணையத்தளத்தை நடத்தியது. பெயரிலேயே இலவசம் இருந்தது. ஆனால் அறிக்கையைப் பெறுவதற்குள் நுழைந்தவர், கடன் கண்காணிப்புச் சேவை ஒன்றின் பரீட்சார்த்தக் காலத்துக்குள்ளும் நுழைந்துவிட்டார். அக்காலம் முடிவதற்குள் வேண்டாம் என்று அறிவிக்காதவருடைய கடன் அட்டையில் 79.95 டொலர் ஆண்டுக் கட்டணம் ஏறியது. இது போதிய அளவு தெளிவாகச் சொல்லப்படவில்லை என்று அமெரிக்கக் கூட்டாட்சி வணிக ஆணையம் குற்றஞ்சாட்டியது. 2005இல் அந்நிறுவனம் 9,50,000 டொலர் செலுத்தவும், பாதிக்கப்பட்டோருக்குப் பணத்தை மீளளிக்கவும் இணங்கியது. அந்த இணக்கத்தை மீறியதாக எழுந்த குற்றச்சாட்டின் பேரில் 2007இல் மேலும் 3,00,000 டொலர் செலுத்த நேர்ந்தது.

2010இல் ஆணையம் புதிய விதியொன்றைக் கொண்டுவந்தது. இலவசக் கடன் அறிக்கை என்று விளம்பரம் செய்யும் தளங்கள், சட்டப்படி அனுமதிக்கப்பட்ட தளம் வேறு என்பதைத் தம் பக்கத்தின் மேற்புறத்திலேயே பார்வையாளருக்கு அறிவிக்க வேண்டும் என்றது அவ்விதி. அதற்கு அந்தத் தளம் என்ன செய்தது தெரியுமா? அறிக்கைக்கு ஒரு டொலர் கட்டணம் என்று மாற்றி, அந்த ஒரு டொலரை அறப்பணிக்கு வழங்குவதாக அறிவித்தது. இலவசம் அல்லாத ஒன்றுக்கு இலவச அறிக்கை பற்றிய விதி பொருந்தாதல்லவா? வேலி போட்டால் வேலிக்கு அடியால் வழி தேடும் வாணிபம் இது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

இது ஒரு நிறுவனத்தின் கதை மட்டுமன்று. டல்லஸ் நகரில் இயங்கிய ஒன் டெக்னாலஜீஸ் என்னும் நிறுவனம், இலவசக் கடன் மதிப்பெண் என்று அழைத்து, மாதம் 29.95 டொலர் சந்தாவில் மக்களைச் சேர்த்தது என்று வழக்குத் தொடரப்பட்டது. 2014இல் 2 கோடியே 20 இலட்சம் டொலர் செலுத்த அந்நிறுவனம் இணங்கியது. 2017 ஜனவரியில் நுகர்வோர் நிதிப் பாதுகாப்புப் பணியகம், ஈக்குவிஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரு பெரும் நிறுவனங்கள்மீதே நடவடிக்கை எடுத்தது. இலவசம் அல்லது ஒரு டொலர் என்று அழைத்து, 7 அல்லது 30 நாள் கழிந்தபின் பெரும்பாலும் மாதம் 16 டொலரோ அதற்கு மேலோ அறவிட்டதாகப் பணியகம் கண்டது. பாதிக்கப்பட்டோருக்கு 1 கோடியே 76 இலட்சம் டொலருக்கு மேல் மீளளிக்கவும், 55 இலட்சம் டொலர் தண்டம் செலுத்தவும் கட்டளையிடப்பட்டது. நம் கோப்பைப் பேணும் நிறுவனங்களே நம்மிடம் சந்தா விற்பவர்களாகவும் இருக்கின்றன என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

மௌனமே சம்மதம்

இந்த வாணிபத்தின் உயிர்நிலை எங்கே இருக்கிறது என்பதை அறிந்தால், இனிமேல் எந்தப் பெயரில் வந்தாலும் அதனை இனங்கண்டுகொள்ளலாம். ஆங்கிலத்தில் இதனை நெகட்டிவ் ஒப்ஷன் என்பர். நம் வழக்கில் சொல்வதானால், மௌனத்தைச் சம்மதமாகக் கொள்ளும் வாணிபம். பொருள் வேண்டும் என்று சொன்னவரிடம் பணம் பெறுவது பழைய வாணிபம். வேண்டாம் என்று சொல்லாதவரிடம் பணம் பெறுவது இந்த வாணிபம்.

அது நான்கு படிகளில் நடைபெறுகிறது. முதற்படியில் இலவசம் என்ற சொல் பெரிய எழுத்தில் நிற்கும். இரண்டாம் படியில், உங்கள் அடையாளத்தை உறுதிசெய்ய என்று சொல்லியோ, ஒரு டொலர் மட்டுமே என்று சொல்லியோ அட்டை எண்ணைக் கேட்பார்கள். மூன்றாம் படியில், 7 நாளின்பின் இவ்வளவு கட்டணம் என்னும் செய்தி பொத்தானுக்குக் கீழேயோ பக்க ஓரத்திலோ சிறிய எழுத்தில் மங்கலாக நிற்கும். நான்காம் படியில் நீங்கள் மறந்துவிடுவீர்கள். அந்த மறதியில்தான் இலாபம் இருக்கிறது. மாதம் 29.95 டொலர் என்பது ஓராண்டில் 359 டொலரையும் தாண்டிவிடும். சட்டப்படி விலையின்றிக் கிடைக்கும் ஒன்றைத் தேடிப் போனவர் செலுத்தும் தொகை இது.

சட்டம் இதனைக் கண்டும் காணாமல் விட்டுவிடவில்லை. 2010இல் இணைய நுகர்வோரைக் காக்க இயற்றப்பட்ட கூட்டாட்சிச் சட்டம், அட்டை விவரத்தைப் பெறுமுன் நிபந்தனைகளைத் தெளிவாக வெளியிட வேண்டும், வெளிப்படையான சம்மதம் பெற வேண்டும், நிறுத்துவதற்கு எளிய வழி வைக்க வேண்டும் என்று விதிக்கிறது. சேர்ந்த அளவு எளிமையாக விலகவும் இயல வேண்டும் என்று 2024 அக்டோபரில் வணிக ஆணையம் மேலும் கடுமையான விதியொன்றை வெளியிட்டது. ஆயினும் 2025 ஜூலையில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அதனை நீக்கிவிட்டது. ஆகவே சட்டத்தின் நிழல் உண்டு. ஆனால் முதற்காவல் நம் கண்களே.

செய்ய வேண்டியவை

முதலாவது, தேடுபொறியில் இலவசக் கடன் அறிக்கை என்று தேடி, முதலில் வரும் இணைப்பை அழுத்தாதீர்கள். பெரும்பாலும் முதலில் நிற்பவை பணம் கொடுத்து இடம்பெற்ற விளம்பரங்கள். நான் சொன்ன முகவரியை எழுத்துப்பிழையின்றி நீங்களே தட்டச்சு செய்யுங்கள். ஓர் எழுத்து மாறினாலும் அதே தோற்றங்கொண்ட போலித் தளத்துக்குப் போய்ச் சேர நேரலாம்.

இரண்டாவது, எது கேட்கப்படும், எது கேட்கப்படாது என்பதை அறிந்திருங்கள். அனுமதி பெற்ற தளத்தில் பெயர், பிறந்த நாள், முகவரி, சமூகப் பாதுகாப்பு எண் ஆகியவை கேட்கப்படும். பழைய முகவரி, பழைய கடன் பற்றிய சில வினாக்களும் கேட்கப்படலாம். அங்கே இலவச அறிக்கையைத் தருவதற்காகக் கடன் அட்டை எண் கேட்கப்படுவதில்லை. இதுவே உரைகல். இலவச அறிக்கைக்கென்று அட்டை எண் கேட்கப்படும் இடத்தில், அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள்.

மூன்றாவது, அறிக்கை வேறு, மதிப்பெண் வேறு. சட்டம் இலவசமாகத் தருவது அறிக்கையை மட்டுமே. இங்குதான் பலர் வழுக்கி விழுகின்றனர். அறிக்கையைப் பெற்றபின், மதிப்பெண்ணையும் பார்க்கிறீர்களா என்று ஒரு பொத்தான் அழைக்கும். அது சந்தாவுக்கான வாசலாக இருக்கக்கூடும். வங்கிகளும் கடன் அட்டை நிறுவனங்களும் பல, தம் வாடிக்கையாளருக்கு மதிப்பெண்ணை விலையின்றியே காட்டுகின்றன. முதலில் அங்கே பாருங்கள்.

நான்காவது, அறிக்கை கைக்கு வந்ததும் பெயர், முகவரி, கணக்குகள் ஆகியவற்றை வரிவரியாக வாசியுங்கள். பிழை கண்டால் அந்த நிறுவனத்துக்கு எழுத்தில் ஆட்சேபணை தெரிவியுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. பொதுவாக 30 நாள்களுக்குள், சில சந்தர்ப்பங்களில் 45 நாள்களுக்குள், அவர்கள் விசாரிக்கக் கடமைப்பட்டவர்கள்.

ஐந்தாவது, அச்சத்தால் கண்காணிப்புச் சேவை வாங்க எண்ணுவோர், அதற்கு முன் கோப்பு முடக்கத்தை அறிந்துகொள்ளுங்கள். 2018 செப்டெம்பர் முதல், ஒருவர் தமது கடன் கோப்பை மூன்று நிறுவனங்களிலும் இலவசமாக முடக்கிவைக்கலாம். தேவையானபோது இலவசமாகத் திறக்கலாம். முடக்கிய கோப்பைக் கொண்டு வேறொருவர் உங்கள் பெயரில் புதுக் கடன் பெறுவது மிகக் கடினம். 16 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்காகப் பெற்றோரே இதனைச் செய்யலாம். இணையத்தில் இதற்கு அருகிலேயே வேறு பெயரில், கட்டணத்துடன் கூடிய பூட்டுச் சேவையும் விற்கப்படலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பணம் ஏற்கெனவே போய்க்கொண்டிருந்தால்

இன்றிரவு வீடு சென்றதும் கடந்த ஆண்டின் கணக்குக் கூற்றுகளை எடுத்து வையுங்கள். மாதந்தோறும் ஒரே தொகையாக, ஒரே பெயரில் வரும் வரிகளைக் குறியுங்கள். அறியாத பெயர் ஒன்று இருக்குமாயின், அந்த நிறுவனத்தைத் தொடர்புகொண்டு சந்தாவை நிறுத்துங்கள். நிறுத்தியதற்கான உறுதி எண்ணையோ மின்னஞ்சலையோ கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். தொலைபேசியில் பேசியவர், பாதி விலைக்குத் தருகிறோம், இன்னும் ஒரு மாதம் பாருங்கள் என்று சொல்லக்கூடும். வேண்டாம் என்னும் ஒரு சொல்லே போதுமானது.

அவர்கள் பணத்தை மீளளிக்க மறுத்தால், கடன் அட்டை நிறுவனத்துக்கு எழுதுங்கள். நீங்கள் இசையாத கட்டணத்தை, அது இடம்பெற்ற கூற்று அனுப்பப்பட்ட நாளிலிருந்து 60 நாள்களுக்குள் எழுத்தில் ஆட்சேபிக்கச் சட்டம் இடந்தருகிறது. அந்த நாள்கணக்குக்காகத்தான் கூற்றை மாதந்தோறும் வாசிக்க வேண்டும் என்கிறேன். வங்கிக் கணக்கிலிருந்து நேரே பணம் போகிறதென்றால், அடுத்த கழிவுக்கு 3 வேலை நாள்களுக்கு முன்னரேனும் வங்கிக்குச் சொல்லி அதனை நிறுத்தலாம். அட்டையை மாற்றிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணிவிடாதீர்கள். புதிய அட்டை எண் வணிகருக்குத் தானாகவே போய்ச் சேரும் ஏற்பாடுகள் உண்டு. சந்தாவை நிறுத்துவதுதான் தீர்வு. இறுதியாக, வணிக ஆணையத்திலும் உங்கள் மாநிலச் சட்டமா அதிபர் அலுவலகத்திலும் முறைப்பாடு செய்யுங்கள். நான் முன்னர் சொன்ன நடவடிக்கைகளுக்குப் பின்னால், வாய்திறந்து முறையிட்ட எளிய மக்களும் இருக்கின்றனர்.

வேறு நாடுகளில் வாழும் உறவுகளுக்கும் ஒரு சொல். கனடாவில் ஈக்குவிஃபக்ஸ், ட்ரான்ஸ்யூனியன் ஆகிய இரு நிறுவனங்களிடமும் கடன் அறிக்கையை இலவசமாகக் கேட்டுப் பெறலாம். பிரித்தானியாவில் 2 பவுண் கட்டணத்துடன் இருந்த சட்டபூர்வ அறிக்கை, 2018 மே மாதம் முதல் இலவசமாயிற்று. அங்கும் இலவச வாசலுக்கு அருகில் சந்தா வாசலும் இருக்கிறது. நுழையுமுன் நின்று பாருங்கள்.

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும்

பெற்றோர்களே, நம் வீடுகளில் நடப்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஆங்கிலப் படிவம் என்றால் பிள்ளையை அழைத்து, இதை நிரப்பித் தா என்கிறோம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை விரைவாகப் பொத்தான்களை அழுத்துகிறது. நாம் அருகில் நின்று அட்டை எண்ணைச் சொல்கிறோம். ஆங்கிலம் அறிந்த பிள்ளைக்கு ஒப்பந்தம் தெரியாது. ஒப்பந்தத்தின் கனம் அறிந்த நமக்கு அந்த ஆங்கிலம் பிடிபடாது. இந்த இடைவெளியில்தான் சிறிய எழுத்து வாழ்கிறது. பின்னர் பணம் போனது தெரியவந்தாலும், ஏமாந்தோம் என்று நாலுபேர் அறிந்தால் வெட்கம் என்று மூடிவைக்கிறோம். மூடிவைப்பதால் பக்கத்து வீட்டாரும் அதே குழியில் விழுகின்றனர். ஏமாற்றியவர் நாணாதபோது ஏமாந்தவர் ஏன் நாண வேண்டும்? வெளியே சொல்லுங்கள். அது நம் சமூகத்துக்குச் செய்யும் உதவி.

இளையோரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மாவோ அப்பாவோ அட்டையை எடுத்து நீட்டும்போது, உடனே எண்ணைத் தட்டச்சு செய்யாதீர்கள். அந்தப் பக்கத்தின் சிறிய எழுத்தை முதலில் வாசியுங்கள். அதன் பொருளை அவர்களுக்குத் தமிழில் சொல்லுங்கள். எத்தனை நாள் இலவசம், அதன்பின் எவ்வளவு, நிறுத்துவது எப்படி என்னும் மூன்று வினாக்களுக்கும் தமிழில் விடை சொல்ல இயலாவிட்டால், அந்தப் படிவத்தை நிரப்ப வேண்டாம். தமிழ்ப் பள்ளியில் கற்ற மொழிக்கு இதைவிடப் பயனுள்ள தேர்வு வேறில்லை. பதினெட்டு வயதை அடைந்தவர்களே, உங்கள் பெயரில் கோப்பு இருக்கிறதா என்பதை இப்போதே பார்த்து வையுங்கள். முதல் வாடகை வீட்டுக்கு விண்ணப்பிக்கும் நாளில் பிழையைக் காண்பதைவிட இன்று காண்பது நன்று.

இவ்வுரையில் சொன்னவற்றுள் ஒன்றை மட்டும் நினைவில் கொண்டு செல்லுங்கள். உரிமையாக நமக்கு உரியதைத் தருபவர் அட்டை எண்ணைக் கேட்பதில்லை. கேட்பவர் தருவது இலவசமன்று. வரும் வாரத்தில் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கிக் குடும்பமாக அமர்ந்து, மூன்று அறிக்கைகளையும் பெற்று வாசியுங்கள். ஐயம் உள்ளவர்கள், கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். தெரிந்ததைச் சொல்லக் காத்திருக்கிறேன்.